வடக்குச் சுவர்க்காரி கேட்ட கல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு குக்கரிலிருந்து பிறந்தது. வேற்றுக்கிரகம், வீரக்குலங்கள், மலையுச்சியில் கோட்டைகள், நான்கு கையோடு ஒரு தலைவி என்று பின்னால் நிறைய வரப்போகிறது. அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஸ்டீல் குக்கர் இருக்கிறது. நல்ல குக்கர்தான். வாங்கியவள் நான்.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் பிரிவில் வேலை பார்க்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் மேஜையில்தான் மணி அடிக்கும். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று சொல்வது என் வேலை. ஆள் கிளம்பியிருக்க மாட்டார், டீ குடித்துக்கொண்டிருப்பார். கதை விடுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே என்று என் கணவர் சொல்வார். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் இதை எழுதுகிறேன். அதனால் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அங்கே யாரோ ஒருவர் லிஃப்டில் நின்றுகொண்டிருந்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய அக்கா. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் கண் சோதிப்பவர், வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது. அக்கா, அதாவது என் நாத்தனார், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கல்யாண வாழ்க்கைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். எந்தப் பத்து நாள் என்று சொல்லவில்லை. வந்து வருஷக்கணக்காகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"வானத்தில் இரண்டு நிலாக்கள்"

வேண்டாம். வேற்றுக்கிரகம் என்றாலே ஆளாளுக்கு இரண்டு நிலாவைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். என் கிரகத்துக்கு நிலாவே கிடையாது. இருட்டினால் விளக்கு ஏற்றிக்கொள்ளட்டும்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"குலத்தலைவி தன் நான்கு கைகளிலும் நான்கு வாள்களை ஏந்தி, எதிரிப் படையை நோக்கி"

(மணி அடித்தது. ஒரு பெரியவர், கையில் பூனை. பூனை பயப்படுகிறது என்றார். பூனை என்னமோ சும்மாதான் இருந்தது, அவர் குரல்தான் நடுங்கியது.)

எதிரிப் படையை நோக்கி அவள் என்ன செய்தாள் என்பது மறந்தே போய்விட்டது. பரவாயில்லை. இதை நாத்தனாரிடம் காட்டினேன். நான் எழுதியதை முதலில் படிப்பவர் அவர்தான். டீ டம்ளரைத் தாளின் மேலேயே வைத்துவிட்டுப் படிப்பார்.

"நாலு கையா?" என்றார்.

"ஆமா அண்ணி. வேற்றுக்கிரகம் இல்லையா."

"ஸ்டியரிங்குக்கு ரெண்டு, கியருக்கு ஒண்ணு. நாலாவது கை எதுக்கு?"

"அங்க கார் கிடையாது அண்ணி."

"கார் இல்லாத ஊர்ல இவ்ளோ கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க, சும்மா சண்டைதான் போடுவாங்க" என்று எழுந்து போய்விட்டார். என் கிரகத்தின் சமூக அமைப்பு அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தொடக்கம், மூன்றாம் முயற்சி. இதுதான் நின்றது:

"அந்தக் கோட்டையின் சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. தலைவிக்கு அதில் பெருமையென்றால் அப்படியொரு பெருமை."

3

ஓட்டை இல்லாததில் என்ன பெருமை? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டுரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிரகத்தில் குலத்துக்கு ஒரு கோட்டை. கோட்டைக்குள் பிறந்தவர், கல்யாணமாகி வந்தவர், சண்டையில் அடிபட்டு அடைக்கலம் கேட்டு வந்தவர் எல்லோரும் ஒரே குலம். ஆனால் யாரையும் யாரும் கட்டிப்போட முடியாது. கோட்டையை விட்டு ஒரேயடியாகப் போக நினைப்பவருக்கு ஒரு உரிமை உண்டு. சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். இவ்வளவு காலம் காத்த சுவரில் ஒரு கல் அவருடையது. போகிற இடத்தில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். அந்த ஓட்டையை அடைக்கக்கூடாது. காற்று அதன் வழியாக உள்ளே வரும். மலைப்பாதையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இந்தக் கோட்டையில இருந்து இத்தனை பேர் போயிருக்காங்க" என்று பேசிக்கொள்வார்கள். எதிரி வாளைவிடத் தலைவிகள் பயப்படுவது இந்தப் பேச்சுக்குத்தான்.

இன்னொரு சட்டம் இருக்கிறது. இது கொஞ்சம் கடுமையானது. போகிறவரைப் பார்த்துத் தலைவி "போகாதே" என்று சொல்லக்கூடாது. அது போர்க்களத்தில் சொல்கிற சொல். தோற்றவன் கழுத்தில் ஈட்டியை வைத்து "போகாதே" என்பார்கள், அந்தக் கணத்திலிருந்து அவன் கைதி. தன் குலத்து ஆளிடம் அதைச் சொன்னால், அவரைக் கைதியாக்கிவிட்டதாக அர்த்தம். எந்த மானமுள்ள தலைவியும் அதைச் சொல்ல மாட்டாள்.*

* இந்தச் சட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். எழுதும்போது எனக்கே தெரியாது.

4

இனி வடக்குச் சுவர்க்காரி.

இவள் தலைவியின் கணவனுக்கு அக்கா. எதிரிகள் எப்போதும் வடக்கிலிருந்துதான் வருவார்கள், அந்தச் சுவரைக் காப்பது இவள். நெடுநெடுவென்று உயரம். சத்தம் போட்டால் அடுத்த மலையில் இருப்பவன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவான். தலைவிக்கும் இவளுக்கும் விடிந்தால் சண்டை, ஈட்டிகளை எந்தப் பக்கமாகச் சாய்த்து வைப்பது என்று. முனை சுவரைப் பார்க்க வேண்டும் என்பாள் இவள். பிடி சுவரைப் பார்க்க வேண்டும் என்பாள் தலைவி. தலைவியின் கணவன் மூலையில் உட்கார்ந்து எல்லோருடைய கவசத்தையும் துடைத்துக்கொண்டிருப்பான். யார் பக்கமும் பேச மாட்டான்.

(எங்கள் வீட்டில் அது வாணலி. நாத்தனார் பாத்திரங்களை ரிவர்ஸ் பார்க்கிங் செய்வார். பிடி உள்ளே போய்விடும், எதை எடுத்தாலும் கையைச் சுவர் வரை விட வேண்டும். கேட்டால் "இடம் மிச்சமாகுதில்ல" என்பார்.)

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இந்த வடக்குச் சுவர்க்காரி?"

"கற்பனை அண்ணி."

"கற்பனைக்கு இவ்ளோ வாயா?"

ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், சாயங்காலம் காரிலும் அந்தப் பேச்சை விடவில்லை. சாயங்காலம் கார் என்பது என்னவென்றால், அவருடைய கடைசி வகுப்பு முடிகிற நேரமும் என் ஆபீஸ் முடிகிற நேரமும் ஒன்று. கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, நாத்தனார் பக்கத்தில் தன் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, நான் பின்னால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருவேன். குலுங்கிக் குலுங்கித்தான் போகும். அந்தக் குலுங்கலில்தான் என் கதைகளில் பாதி உருவாகியிருக்கிறது.

"அப்புறம் தலைவி என்ன பண்றா?" நாத்தனார் பின்பக்கம் திரும்பிக் கேட்டார். "கிளட்ச்! கிளட்ச மிதி!"

"இன்னும் யோசிக்கல அண்ணி."

"மேடம்," என்றார் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பேங்க் மேனேஜர், வியர்த்துக் கொட்டியது, "கடைசில தலைவி செத்துடுவாங்களா?"

"நீங்க ரோட்டப் பாருங்க சார். முதல்ல நாம சாகாம இருக்கணும்."

வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் அந்தக் காரின் பின்சீட்டில் இருந்த மாதிரி வேறு எங்கேயும் சந்தோஷமாக இருந்ததில்லை. இது கதையில் வர வேண்டிய வாக்கியம் இல்லை. வந்துவிட்டது, இருக்கட்டும்.

5

இப்போது குக்கர்.

ஒரு நாள் நாத்தனார் பால்கனியில் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது. "ஒரு ரூம், ஒரு கிச்சன் போதும். நான் ஒருத்திதான். ஸ்கூலுக்குப் பக்கம்னா நல்லது."

எனக்குச் சுருக்கென்றது. போகப் போகிறாரா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அப்படி என்ன செய்துவிட்டேன், வாணலிக்காகவா? அப்போதே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துணியை எல்லாம் கோபத்தோடு மடித்து வைத்தேன்.

அந்தக் கோபத்தில்தான் இந்தப் பகுதியை எழுதினேன்:

"வடக்குச் சுவர்க்காரி தலைவியின் முன் வந்து நின்றாள். 'எனக்கொரு கல் வேண்டும்' என்றாள். ஓட்டையே இல்லாத கோட்டை அது. தலைவி தன் நான்கு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். போகிறவர்கள் வழக்கமாகத் தாங்கள் படுத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து கைக்கு அடக்கமான கல்லாகக் கேட்பார்கள். தலைவியோ எழுந்து, 'நீ சாதாரணக் கல்லை எடுத்துக்கொண்டு போகக்கூடாது. வாசல் மேல் இருக்கும் கல்லை எடுத்துக்கொள்' என்றாள். அது கோட்டையிலேயே பெரிய கல். குலத்தின் முதல் தலைவி வைத்தது."

தலைவி என்ன நினைத்து அப்படிச் சொன்னாள்? "உன்னைவிட உயர்ந்தவள் இந்தக் கோட்டையில் யாருமில்லை" என்பதைத்தான். "போகாதே" என்று சொல்லத்தான் சட்டம் இடம் தரவில்லையே. கையில் இருந்ததிலேயே பெரியதைக் கொடுத்தாள்.

வடக்குச் சுவர்க்காரி என்ன புரிந்துகொண்டாள்? "நான் போவதற்காக வாசலையே இடிக்கத் தயாராக இருக்கிறாள்."

எழுதிவிட்டு, தலைவி எவ்வளவு பெரிய முட்டாள் என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடைக்குப் போனேன். நாத்தனார் தனியாக இருக்கப்போகிறார், நல்ல பாத்திரம் வேண்டாமா? கடையிலேயே நல்ல குக்கராகப் பார்த்து வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றச் சொல்லி, வீட்டுக்கு வந்து நீட்டினேன்.

"என்னது இது?"

"புது வீட்டுக்கு அண்ணி."

அவர் காகிதத்தைப் பிரிக்கவில்லை. குக்கரின் கனத்தை மட்டும் கையில் தாங்கிப் பார்த்தார்.

"ஓ" என்றார். "சரி."

அடுத்த நாள் காலையில், புது வீட்டின் சொந்தக்காரரிடம் வருவதாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் எழுதியிருந்த கல் பகுதியைப் படிக்கக் கொடுத்தேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, முழுவதும் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் "நல்லா இருக்கு" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு டீக் கறைகூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் காரில் யாரும் பேசவில்லை. பேங்க் மேனேஜர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தாமல் வீடு வரை ஓட்டிவிட்டார். பாராட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை, பாவம்.

6

கணவரிடம் கேட்டேன். கடையில் யாருமில்லை, ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா ஏங்க போறாங்க?"

"நீதானே எழுத ஒரு ரூம் இல்ல, எழுத ஒரு ரூம் இல்லன்னு புலம்பிக்கிட்டே இருந்தே. அவ ரூம் காலியானா உனக்கு ஆகும்னு நினைச்சா."

"என்ன?"

"சும்மா விசாரிக்கலாம்னுதான் போன் பண்ணா. உன்கிட்ட சொன்னா எப்படியும் வேணாம்னு சொல்லிடுவே, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா. நீ என்னடான்னா குக்கரோட வந்து நிக்கற."

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். மூக்குக்கண்ணாடியை விளக்கில் பிடித்துப் பார்த்தார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

உடனே போய் "போகாதீங்க அண்ணி" என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் மூன்றாம் பகுதியில் எழுதிய சட்டம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. நாத்தனார் வாழ்ந்துவிட்டு வந்த அந்த வீட்டில் அவரைக் கார் சாவியைத் தொட விடமாட்டார்களாம். செருப்பை மாட்டினாலே "எங்க போறே, போகாதே". இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் பாத்திரம் துலக்கிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்த மாதிரி. அந்த வீட்டிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டார். இப்போது ஊருக்கே கற்றுக்கொடுக்கிறார். அவரிடம் போய் நானும் அதே சொல்லைச் சொல்வதா?

7

கதையை முடித்தாக வேண்டும். நாளைக்குக் காலையில் நாத்தனாரின் சாமான்களுக்கு வண்டி வருகிறது. அதற்குள் வடக்குச் சுவர்க்காரி என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவள் கல்லைப் பெயர்க்கும் நேரம் பார்த்து எதிரிகள் வருகிறார்கள். தலைவியும் அவளும் முதுகோடு முதுகு சேர்ந்து, எட்டுக் கைகளால் போரிட்டு வெல்கிறார்கள். அப்புறம் கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

(மோசடி. வர வேண்டிய நேரத்துக்குச் சொல்லி வைத்தாற்போல் வருகிற எதிரி என் வாழ்க்கையில் ஒருவரையும் பார்த்ததில்லை. இதை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு. அவள் வாசல் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கிப் போகிறாள். தலைவி தினமும் அந்த ஓட்டைக்கு எதிரில் உட்கார்ந்து காற்று வாங்குகிறாள். ஈட்டிகளைத் தன் இஷ்டப்படி, பிடி சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைக்கிறாள். சண்டை போட ஆளில்லை. பிறகு ஒருநாள் யாரும் சொல்லாமல் தானே எல்லா ஈட்டிகளையும் திருப்பி

(இதை முடிக்க முடியவில்லை. மணி எதுவும் அடிக்கவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.)

மூன்றாம் முடிவு. தலைவியும் தனக்கொரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு அவள் பின்னாலேயே கிளம்பிவிடுகிறாள். இரண்டு பேரும் நடுவழியில் கல்லை இறக்கி வைத்து, சமைக்கலாம் என்று பார்த்தால் அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். திரும்பிப் பார்த்தால் தலைவியின் கணவன், கவசம் துடைக்கிற துணி தோளில் கிடக்க, மூன்றாவது கல்லைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வருகிறான். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்" என்கிறான்.

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கோட்டை? அதை யார் பார்த்துக்கொள்வது? வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது.)

நான்காவது முடிவு என்று ஒன்று என்னிடம் இல்லை. யோசித்துப் பார்த்தால் இது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. தலைவிக்கு என்ன வேண்டும் என்பதை நான் எழுதிவிடுவேன், அது என் கையில் இருக்கிறது. வடக்குச் சுவர்க்காரிக்கு என்ன வேண்டும் என்பதை நான் இதுவரை எழுதவில்லை, ஏனென்றால் கேட்கவில்லை. கதை முழுக்க அவளுக்காகத் தலைவி நினைத்தாள், தலைவிக்காக அவள் நினைத்தாள். எழுதிய நான் இரண்டு பேருக்காகவும் நினைத்தேன்.

ஆகவே வாசகர்களே, நீங்கள் எல்லோரும் கோபித்துக்கொள்ளாமல் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பகுதி ஒரே ஒருவருக்கு மட்டும்.

8

அண்ணி,

நீங்க இப்போ காலை வகுப்புல இருக்கீங்க. வந்ததும் டீயோட இதப் படிப்பீங்கன்னு மேஜை மேல வெச்சுட்டு ஆபீஸுக்குக் கிளம்பறேன். நேர்ல சொன்னா அழுதுடுவேன், நீங்க "கிளட்ச், கிளட்ச்"னு கத்துவீங்க. அதான் எழுதறேன். இவ்ளோ நேரம் உங்கள நாத்தனார் நாத்தனார்னு எழுதினதுக்குக் கோச்சுக்காதீங்க, கதைன்னா அப்படித்தான்.

போகாதீங்க.

அந்த வீட்டுல உங்ககிட்ட சொன்ன மாதிரி இதை நான் சொல்லல. கதவு திறந்துதான் இருக்கு, சாவி உங்ககிட்டயும் இருக்கு. எனக்கு எழுத ரூம் வேணாம். நீங்க பக்கத்துல நின்னு நொட்டை சொல்லாம எனக்கு ஒரு வரி வராது. நீங்க இல்லாத வீட்ட நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு. எனக்கு உங்க மேல அவ்ளோ பிரியம் அண்ணி. இத சொல்றதுக்கு வேற்றுக்கிரகம் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன் பாருங்க.

ஆனா உங்களுக்குன்னு ஒரு வீடு வேணும்னு நிஜமாவே ஆசையா இருந்தா, போங்க. எனக்கு ரூம் குடுக்கறதுக்காகப் போகாதீங்க, உங்களுக்காகப் போங்க. நானும் கூட வந்து சாமான் அடுக்கித் தர்றேன்.

கதையோட முடிவ உங்களுக்கே விட்டுட்டேன். பேனா பக்கத்துலயே இருக்கு. நீங்க என்ன எழுதினாலும் ஒரு எழுத்துகூடத் திருத்த மாட்டேன், சத்தியம். முதல் பாதிய மட்டும் நான் எழுதி வெச்சிருக்கேன்:

"தலைவி சபைக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, சொல்லக்கூடாத அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். வடக்குச் சுவர்க்காரி திரும்பி அவளைப் பார்த்து,